மெதுவாக நடக்கும் வீடுகள்

சலோமி செத்துப்போனாள் என்று போனில் கேட்டதும் ஏட்டு எப்சிபாவுக்கு அழுகை வரவில்லை. முதலில் நம்பிக்கையே வரவில்லை.

"நல்லா பாத்தியா மெர்லின்? மயக்கமா இருக்கும். மூஞ்சில தண்ணி தெளிச்சிப் பாரு."

"பாத்துட்டேன் ஏட்டம்மா," என்றாள் மறுமுனையில் கான்ஸ்டபிள் மெர்லின். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண். "அவ புருஷன் அகஸ்டின்தான் பண்ணிருக்கான். ஓடக்கூட இல்ல. பக்கத்துலயே குந்திக்கினு இருக்கான்."

பொன்கரடு காலனியில் மூன்று வருஷமாக வெட்டு இல்லை, குத்து இல்லை, பெண்டாட்டியைப் போட்டு அடித்தான் என்று ஒரு புகார்கூட இல்லை. பக்கத்து மாவட்டத்து அதிகாரிகள் ஜீப் போட்டுக்கொண்டு வந்து 'எப்படி, எப்படி' என்று கேட்டுவிட்டுப் போகிற ஊர். அவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி எப்சிபாவுக்கு வாய் வலித்திருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில், பட்டப்பகலில், ஒருத்தி அடுப்படியில் செத்துக் கிடக்கிறாள். நிலக்காது ஏன் வாயைத் திறக்கவில்லை?

நிலக்காது என்பது காலனி ஜனங்கள் வைத்த பேர். அரசாங்கம் வைத்த பேர் ரொம்ப நீளம், யார் வாயிலும் நுழையவில்லை. பொன்கரட்டுக்கு அடியில் நூறு வருஷம் தங்கம் தோண்டியிருக்கிறார்கள். தங்கம் தீர்ந்தது, கம்பெனி கதவைச் சாத்தியது, பள்ளத்தை மட்டும் விட்டுவிட்டுப் போனது. எந்த வீடு எப்போது உள்ளே போகுமோ என்ற பயத்தில் ஜனங்கள் மறியல் செய்தார்கள். அரசாங்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் அடியில் கண்ணாடி இழைக் கேபிள் பதித்தது. மண் அசைந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுமாம். மண் இன்றுவரை அசையவில்லை. ஆனால் மேலே நடக்கிறவர்களின் காலடியும் அந்தக் கேபிளில் விழுகிறது என்று பிறகுதான் கண்டுபிடித்தார்கள். பேச்சு விழாது, காலடி மட்டும்.

அங்கேதான் போலீஸ் உள்ளே வந்தது. ஒருவன் எப்போது கை ஓங்குவான் என்று எந்த இயந்திரத்துக்கும் தெரியாது. ஆனால் அடி வாங்கப்போகிறவளுக்குத் தெரியும். அவள் நடை மாறிவிடும். குதிகால் தரையில் படாது, சுவரை ஒட்டியே போவாள், நடு அறையைத் தாண்ட மாட்டாள். நிலக்காது பயப்படுத்துகிறவனைத் தேடவில்லை, பயப்படுகிறவளைத் தேடியது. ஒரு வீட்டில் அந்த நடை தொடர்ந்தால் எப்சிபாவின் போனுக்குத் தகவல் வரும். அவள் போய்க் கதவைத் தட்டுவாள். அவ்வளவுதான் சூட்சுமம்.

மூன்றாம் லைனுக்கு எப்சிபா ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தாள். லைன் என்றால் கம்பெனி காலத்தில் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய வரிசை வீடுகள். ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம் சொந்தம். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் 'நூறு வயசு' என்பார்கள். அந்த லைனில் ஒருவருக்கும் எதுவும் கேட்கவில்லையாம்.

சலோமி அடுப்புக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தாள். தலைமாட்டில் ஒரு சில்வர் தட்டு கவிழ்ந்து கிடந்தது. அகஸ்டின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நகரத்தில் ஒரு அடுக்குமாடிக்கு ராத்திரிக் காவல். விடியற்கால ரயிலில் வந்து பகலெல்லாம் தூங்குகிறவன். சர்ச்சில் பாட்டுப் புத்தகம் விநியோகிப்பவன். எப்சிபாவை எப்போது பார்த்தாலும் 'பிரெய்ஸ் த லார்ட் ஏட்டம்மா' என்பவன்.

"ஏண்டா?" என்றாள் எப்சிபா.

"தட்ட கீழ போட்டுட்டா ஏட்டம்மா," என்றான் அவன். ஏதோ நியாயம் கேட்கிற மாதிரி அவளை நிமிர்ந்து பார்த்தான். "தூக்கம் கலஞ்சிடுச்சி."

பதினெட்டு வருஷ போலீஸ் வேலையில் எத்தனையோ காரணம் கேட்டிருக்கிறாள். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. மெர்லின்தான் அவனுக்கு விலங்கு மாட்டினாள்.

வாசலில் கூட்டம். யாரோ ஒருத்தி கூட்டத்துக்குள்ளிருந்து கத்தினாள். "நிலக்காது இன்னா மயித்த புடுங்கிக்கினு இருந்திச்சி? நாங்க வூட்டுக்குள்ள நடக்கறதெல்லாம் ஒட்டுக்கேக்க மட்டும்தானா?" அதற்கு யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் எப்சிபாவைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் அவளுக்கு அந்தப் பேச்சு ஞாபகம் வந்தது. போன மாசமோ அதற்கு முந்தின மாசமோ, குழாயடியில் சலோமி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டே கேட்டாள். "எல்லார் வீட்டுக்கும் போறீங்க. எங்க வூட்டுக்கு மட்டும் வரவே மாட்டேங்கறீங்களே ஏட்டம்மா?" எப்சிபா பெருமையாகச் சொன்னாள், "நான் வரலன்னா அது நல்ல வூடுன்னு அர்த்தம்டி." சலோமி சிரித்தாள். சிரித்துவிட்டு, போகாமல், கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

எப்சிபா கூட்டத்தை விலக்கிக்கொண்டு புறக்காவல் நிலையத்துக்கு விரைந்தாள்.

புறக்காவல் நிலையத்தின் பின் அறையில் நிரஞ்சன் திரைக்கு முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். கோயம்புத்தூர்ப் பையன். நிலக்காதைப் பார்த்துக்கொள்வதற்காக அரசாங்கம் அனுப்பிய இன்ஜினீயர்.

"உன் மிஷின் செத்துப்போச்சா?" என்று எப்சிபா கத்திக்கொண்டே உள்ளே போனாள். "ஒரு பொண்ணு போய்ட்டா! ஏன் சொல்லல?"

"சொல்லுச்சுங்க மேடம்."

"இன்னா?"

"ஏழு மாசமா சொல்லிட்டேதான் இருந்துச்சுங்க. நாமதான் கேக்கவேண்டாம்னு வெச்சிருந்தோம்." அவன் நிமிரவில்லை. "துண்டு வீடுகளை விட்டுரச் சொன்னீங்களே, ஞாபகம் இருக்குங்களா?"

ஞாபகம் இல்லாமலா! அதுதான் எப்சிபா வாங்கின நல்ல பேருக்கே அஸ்திவாரம்.

பொன்கரட்டில் ஒரு பழக்கம் உண்டு. ராத்திரி ஷிப்ட் பார்த்தவர் பகலில் தூங்கினால் கதவுத் தாழ்ப்பாளில் ஒரு துண்டைக் கட்டி வைப்பார்கள். துண்டு தொங்கும் வாசலில் கீரைக்காரி கூவ மாட்டாள். பிள்ளைகள் பந்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த லைனுக்குப் போய்விடுவார்கள். கல்யாண ஊர்வலமே ஆனாலும் மேளத்தை நிறுத்திவிட்டுத்தான் கடக்கும். பாதாளத்தில் இறங்கி உயிரோடு மேலே வந்தவனுக்கு ஊரே தருகிற மரியாதை அது. சுரங்கம் மூடினாலும் ராத்திரி வேலை மூடவில்லை. காவலாளி, வார்டுபாய், கால்சென்டர் என்று பாதிக் காலனி இன்றும் பகலில்தான் தூங்குகிறது. துண்டு வீட்டில் எல்லாரும் நுனிக்காலில்தான் நடப்பார்கள்.

நிலக்காது வந்த புதிதில் துண்டு வீடுகளையெல்லாம் பயந்த வீடுகள் என்று அடித்துச் சொன்னது. எப்சிபா கதவு கதவாகத் தட்டினாள். ஜனங்கள் கொதித்துப்போனார்கள். 'வூட்டு ஆம்பளைக்கு மரியாத குடுத்தா அதுக்கும் போலீஸா?' என்றார்கள். அவளுக்கும் நியாயமாகத்தான் பட்டது. அவள் அப்பா எலியாசர் சுரங்கத்தில் பாறை உடைக்கிறவர். அவர் தூங்குகிற பகலில் அம்மாவும் ஐந்து பிள்ளைகளும் பூனை மாதிரி நடந்து வளர்ந்த வீடு. 'இது பயம் இல்ல தம்பி, எங்க ஊர் பண்பாடு. உனக்குப் புரியாது. துண்டு வூட்ட கணக்குல இருந்தே எடுத்துடு' என்று நிரஞ்சனிடம் நின்று வாதாடினாள். அவன் எடுத்துவிட்டான். ஊர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

"மேடம், ஒண்ணு கேக்கலாங்களா? கோவப்படாதீங்க." நிரஞ்சன் இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தான். "உங்கப்பா தூங்கறப்ப மெதுவா நடப்பீங்க, சரி. அவரு முழிச்சதுக்கு அப்புறம்?"

"முழிச்சப்புறம் இன்னா?"

"தூங்கறவங்க மேல அக்கறையில மெதுவா நடக்கறவங்க, அவங்க எந்திரிச்சதும் சாதாரணமா நடப்பாங்க. குழந்தைங்க ஓடும். சலோமி அக்கா வீட்டுத் தடத்தை இப்பத்தான் பாத்தேன். அந்தாளு தூங்கறப்ப அவங்க மெதுவாத்தான் நடந்திருக்காங்க. அவரு எந்திரிச்சதும் அதவிட மெதுவா நடந்திருக்காங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குதுங்க. நான் அன்னிக்கே பிரிச்சுப் பாத்திருக்கணும். நீங்க சொன்னீங்கன்னு மொத்தமா எடுத்துட்டேன்."

அப்பா எழுந்து உட்கார்ந்து செருமுகிற சத்தம் அவளுக்குள்ளே கேட்டது. அந்தச் செருமல் கேட்டதும் தம்பி கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். அம்மா காப்பியை நீட்டிவிட்டு இரண்டு அடி பின்னால் போய் நிற்பாள். யாரும் ஓடவில்லை, யாரும் விளையாடவில்லை. அவர் வெளியே கிளம்பிப் போன பிறகுதான் வீட்டில் குரல் எழும்பும். இத்தனை வருஷமும் அதற்கு மரியாதை என்று பேர் வைத்திருந்தாளே!

"இப்ப பிரிச்சுப் பாக்க முடியுமா?"

"முடியும். லைன் லைனாத்தான் வரும்."

"வரவர போனுக்கு அனுப்பு. அடுத்தது யாரு வூடுன்னு இன்னிக்கே எனக்குத் தெரிஞ்சாவணும். இன்னொருத்தி பொணத்த நான் தூக்க மாட்டேன்."

முதல் தகவல் இரண்டாம் லைனிலிருந்து வந்தது. மெர்லினைக் கூட்டிக்கொண்டு எப்சிபா அங்கே போனாள். மருத்துவமனையில் ராத்திரி வேலை பார்க்கும் ஓபேத் என்பவனின் வீடு. தாழ்ப்பாளில் துண்டு தொங்கியது. பொன்கரட்டில் பிறந்த எவரும் செய்யாத காரியத்தை எப்சிபா செய்தாள். துண்டு கட்டிய கதவைப் படபடவென்று தட்டினாள். எதிர்வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

விதிமுறை ஒன்றுதான். பயமுறுத்துகிறவர் யாராக இருக்கலாமோ அவரை முதலில் வெளியே அனுப்பி, தெருவின் எதிர்ப்பக்கம் நிற்க வைக்க வேண்டும். அப்புறம்தான் உள்ளே இருப்பவர்களிடம் கேட்க வேண்டும். ஓபேத் தூக்கக் கண்ணோடு தெருவைக் கடந்து போய் நின்றான். "நான் இன்னா பண்ணேன் ஏட்டம்மா? சத்தியமா சொல்றேன், அவள ஒரு அடி அடிச்சதில்ல," என்றான். பொய் சொல்கிற முகம் இல்லை.

உள்ளே அவன் மனைவி பேர்சி சேலை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அடிக்க மாட்டாருக்கா," என்றாள். "ஆனா எப்ப அடிப்பாருன்னு தெரியாது."

"புரியலம்மா."

"சாமான தூக்கி வீசுவாரு. கதவ அறைவாரு. ஒரு நாளு சிரிப்பாரு, அதே விஷயத்துக்கு மறுநாளு கத்துவாரு. அடிச்சாகூட அதோட முடிஞ்சிடும். இது முடியவே மாட்டேங்குதுக்கா." அதற்கப்புறம் அவள் அழுத அழுகையில் மெர்லினும் அழுதாள்.

எப்சிபா வெளியே வந்து ஓபேத்திடம் எல்லாம் சொன்னாள். வாரம் ஒருமுறை ஸ்டேஷனுக்கு வரவேண்டும், மனநல ஆலோசகரைப் பார்க்கவேண்டும் என்றாள். அவன் நிஜமாகவே திகைத்துப்போனான். "எனக்குத் தெரியவே தெரியாது ஏட்டம்மா."

"யாரப் பாத்துப் பயப்படறாங்களோ அவனுக்குத்தான் அது கடசீல தெரியும்," என்றாள் எப்சிபா. எல்லா ஆண்களிடமும் சொல்கிற வாக்கியம்தான். இன்றைக்கு அதைக் கொஞ்சம் காட்டமாகவே சொன்னாள்.

மெர்லின் பேர்சிக்குத் துணையாக அங்கேயே இருந்தாள். எப்சிபா நாலாம் லைன் பக்கம் திரும்பியபோது அடுத்த தகவல் வந்தது. ஐந்தாம் லைன். கடைசிக்கு முந்தின வீடு.

அவள் நின்றுவிட்டாள். எண்ணைத் திரும்பப் படித்தாள். நிரஞ்சனுக்குப் போன் போட்டாள். "தப்பா அனுப்பிட்ட."

"ரெண்டு தடவ பாத்துட்டேனுங்க மேடம்."

"அது என் வூடு."

"தெரியுங்க."

எப்சிபா போனை வைத்தாள். அவள் வீடும் துண்டு வீடுதான். மாசத்தில் பாதி நாள் அவளுக்கு ராத்திரி ரோந்து, பகலில் தூக்கம். ஆனால் அது இப்போது அவள் நினைவில் நிற்கவில்லை. வீட்டில் இருப்பது மூன்றே பேர். அவள், வீட்டிலேயே பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கும் கணவர் ஜெபராஜ், நர்சிங் படிக்கும் மகள் கெசியா. பயப்படுகிறது கெசியா என்றால்? ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காத மனுஷன் என்றுதான் ஜெபராஜை எல்லாரும் சொல்வார்கள். அகஸ்டினையும் அப்படித்தான் சொன்னார்கள். நான் தூங்குகிற பகலிலும் ரோந்து போகிற ராத்திரியிலும் என் பிள்ளைக்கு இந்த ஆள் என்ன செய்தான்? அவள் ஓடினாள். பெல்ட், தொப்பி, பூட்ஸ் எல்லாவற்றோடும் தெருவில் ஓடுகிற ஏட்டம்மாவை ஜனங்கள் வழிவிட்டுப் பார்த்தார்கள்.

வீட்டை நெருங்கும்போதே கெசியாவின் குரல் கேட்டது. சலோமிக்காக அழுதுகொண்டே ஆத்திரமாகப் பேசிக்கொண்டிருந்தாள். குறுக்கும் நெடுக்கும் தொப்தொப்பென்று நடக்கிற சத்தமும் வந்தது. ஜெபராஜ் ஏதோ ஆறுதல் சொன்னார். எப்சிபாவின் பூட்ஸ் முதல் படியில் விழுந்தது. உள்ளே பேச்சு சட்டென்று நின்றது. தையல் இயந்திரமும் நின்றது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ஜெபராஜின் தோளைப் பிடித்து எழுப்பினாள். "வெளியே போ. எதிர்ப்பக்கம் போய் நில்லு."

ஏன் என்று அவர் கேட்பார் என்று எதிர்பார்த்தாள். கேட்கவில்லை. விரலில் மாட்டியிருந்த தையல் உறையைக்கூடக் கழற்றாமல், செருப்பும் போடாமல், வெயிலில் இறங்கித் தெருவைக் கடந்து போய் நின்றார். உத்தரவு வந்தால் நிறைவேற்றிப் பழகின மனுஷன் மாதிரி.

எப்சிபா கதவைச் சாத்தினாள். பேர்சியிடம் பேசின அதே தணிந்த குரலை வரவழைத்துக்கொண்டாள். "கெசியா, இங்க பாரு கண்ணு. அப்பா உன்ன ஏதாச்சும் பண்றாரா? எதுனாலும் சொல்லு. நான் இருக்கேன். பயப்படாத."

"அப்பாவா?" கெசியாவின் கண்கள் விரிந்தன. "அப்பா இன்னாம்மா பண்ணாரு? அவர ஏன் வெளிய நிக்க வெச்ச?"

"நிலக்காது நம்ம வூட்ட சொல்லிடுச்சி. இங்க யாரோ பயந்துக்கினு நடக்கறாங்க. மறைக்காத. அந்த ஆளு..." என்று சொல்லிக்கொண்டே எப்சிபா மகளை நோக்கி ஒரு எட்டு வைத்தாள்.

கெசியா பின்னால் போனாள். சத்தமே இல்லாமல் போனாள். முதுகு சுவரில் முட்டியதும், சுவரை ஒட்டியே பக்கவாட்டில் நகர்ந்தாள். நடு அறையைத் தாண்டவில்லை. எப்சிபாவின் பார்வை மகளின் பாதத்துக்குப் போனது. குதிகால் தரையில் படவில்லை.

போன வருஷம் பரீட்சையில் மார்க் குறைந்ததற்கு மகளின் போனைத் தரையில் அடித்து உடைத்தது எப்சிபாவுக்கு ஞாபகம் வந்தது. லத்தியை எடுத்தது ஞாபகம் வந்தது. அடிக்கவில்லை, காட்டினாள், அவ்வளவுதான். போலீஸ்காரி பிள்ளை கெட்டுப்போனாள் என்று பேர் வரக்கூடாதே என்றுதான் செய்தாள். வளர்ப்பு என்று நினைத்துத்தான் செய்தாள்.

"அம்மா," என்றாள் கெசியா. "ப்ளீஸ்ம்மா. அப்பாவ உள்ள கூப்புடும்மா. அவரு இருந்தா எனக்கு அவ்ளோ பயமா இருக்காது."

எப்சிபாவின் கை மகளின் தலையைத் தடவுவதற்காகத் தானாக எழுந்தது. கெசியா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எழுந்த கையை எப்சிபா மெல்லக் கீழே இறக்கினாள்.

கதவைத் திறந்து வெளியே வந்தாள். தெருவைக் கடந்து, ஜெபராஜின் பக்கத்தில் போய் நின்றாள். அவர் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. "நீ உள்ள போ. புள்ள கூட இரு," என்றாள்.

அவர் தயங்கினார். "நீ?"

"போப்பா."

அவர் போனார். எப்சிபா வெறும் வெயிலில், வீட்டுக்கு எதிரே தனியாக நின்றாள். அக்கம்பக்கத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இந்தத் தெருவில் அவள் எத்தனையோ பேரை இப்படி நிற்க வைத்திருக்கிறாள். ஏன் நிற்கிறாள் என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மெர்லினுக்குப் போன் செய்தாள்.

"அஞ்சாம் லைன்ல ஒரு வூடு. நீ வந்து கேளு. மெதுவா கேளு, அவசரப்படுத்தாத."

"நீங்க வரலியா ஏட்டம்மா? நான் தனியா கேட்டதே இல்லியே. மொதல்ல அந்த ஆள வெளிய நிக்க வெக்கணுமே, நான் சொன்னா கேப்பாங்களா?"

"நின்னாச்சி," என்றாள் எப்சிபா. "நீ வா."